விரல்ரேகை அடையாளமுறை

விரல்ரேகை அடையாளமுறை என்பது விரல் நுனித் தோலில் உள்ள வரிகளைக் கொண்டு ஒருவர் இன்னார் என்று உறுதிசெய்யும் முறை. கருவிழி, முகம், குரல் முதலியவற்றைப் பயன்படுத்தும் பயோமெட்ரிக் முறைகளுள் இது மூத்தது. இன்றும் பரவலாக வழங்குவது. குற்றவாளிகளைப் பிடிக்கும் கருவியாகவே பெயர்பெற்றது என்றாலும், நவீன நிர்வாகத்தில் இது முதலில் நுழைந்தது ஒப்பந்தம், ஓய்வூதியம், பத்திரப்பதிவு ஆகிய அலுவலக வேலைகளின் வழியாகத்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வங்காளத்தில் உருப்பெற்று, நூறாண்டுக்கு மேல் காவல்துறையின் கையில் வளர்ந்து, இந்தியாவின் ஆதார் அடையாளத் திட்டம் வந்த பிறகு அதே அலுவலக வேலைகளுக்குத் திரும்பியிருக்கிறது.

அடிப்படை

விரல் நுனியின் வரிகள் கருவின் மூன்றாம் மாத அளவில் தோன்றத் தொடங்கி, பிறப்பதற்கு முன்பே நிலைபெற்றுவிடுகின்றன. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கும் அவை வேறுபடும். மேல்தோல் சிராய்த்துப்போனாலும் அதே வடிவம் மீண்டும் வளர்ந்துவிடும். அடித்தோல் வரை காயம்பட்டால்தான் நிலையான தழும்பு விழும். வடிவங்கள் வளைவு, கண்ணி, சுழி என மூன்று பெரும் பிரிவுகளில் அடங்குகின்றன. ஆளை அடையாளம் காட்டுவது இந்தப் பொதுவடிவம் அன்று. வரிகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகக் கிளைக்கின்றன என்னும் நுண்குறிகளே.

இம்முறை இரு வேறு கேள்விகளுக்கு விடை சொல்கிறது. 'இவர் தாம் சொல்லிக்கொள்ளும் ஆள்தானா?' என்பது ஒன்று. அதற்கு ஒரு ரேகையை இன்னொரு ரேகையோடு ஒப்பிட்டால் போதும். 'இது யாருடைய ரேகை?' என்பது மற்றொன்று. அதற்குச் சேர்த்துவைத்த எல்லா ரேகைகளுக்குள்ளும் தேடவேண்டும். முதல் கேள்வி அலுவலகத்தினுடையது, இரண்டாவது காவல்துறையினுடையது.

வங்காளத்தில் தொடக்கம்

1858 ஜூலையில், வங்காளத்தின் ஜாங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைக்குக் கப்பி வழங்க ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். பின்னாளில் 'இது என் கையெழுத்தன்று' என்று அவர் மறுத்துவிடக் கூடாதென்று, மையில் தோய்த்த அவருடைய உள்ளங்கையை ஆவணத்தின் பின்புறம் பதியவைத்தார். அப்போது ஹெர்ஷலிடம் அறிவியல் கொள்கை எதுவும் இருக்கவில்லை. கையொப்பமிட்டவரை அச்சுறுத்திக் கட்டுப்படுத்துவதே நோக்கம். ஆனால் அதன்பின் தம் விரல்களையும் நண்பர்களின் விரல்களையும் பதிந்து சேர்த்துவந்த அவர், ஆண்டுகள் பல கழிந்தும் வரிகள் மாறாதிருப்பதைக் கண்டார்.

1877இல் ஹூக்ளி மாவட்டத்தின் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது இதை அன்றாட நிர்வாகத்தில் புகுத்தினார். இறந்துபோன ஓய்வூதியக்காரரின் பெயரில் வேறொருவர் வந்து பணம் வாங்குவதைத் தடுக்கவும், பத்திரம் பதிந்தவர் பின்னர் மறுப்பதைத் தடுக்கவும், தண்டிக்கப்பட்டவருக்குப் பதிலாக வேறொருவர் சிறைக்குச் செல்வதைத் தடுக்கவும் ரேகைகளை வாங்கினார். மாகாணம் முழுவதற்கும் இதை விரிவாக்கலாம் என்று அவர் எழுதிய பரிந்துரை ஏற்கப்படவில்லை. மறு ஆண்டு அவர் இந்தியாவை விட்டுச் சென்றார்.

அறிவியல் அடித்தளம்

டோக்கியோவில் மருத்துவப் பணி செய்த ஸ்காட்லாந்து மிஷனரி ஹென்றி ஃபால்ட்ஸ், பழைய மட்பாண்டங்களில் பதிந்திருந்த விரல் தடங்களைப் பார்த்து இத்துறைக்கு வந்தவர். குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் தடங்களைக் கொண்டு குற்றவாளியை அடையாளம் காணலாம் என்று 1880 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் எழுதினார். அடுத்த மாதமே ஹெர்ஷலும் தம் வங்காள அனுபவத்தை அதே இதழில் வெளியிட்டார். யார் முன்னோடி என்ற பூசல் அவர்களுடைய வாழ்நாள் முழுவதும் ஓயவில்லை.

ஹெர்ஷல் தந்த சேகரிப்பைப் பயன்படுத்திய பிரான்சிஸ் கால்டன், விரல்ரேகைகளைப் பற்றி 1892இல் நூல் வெளியிட்டார். இருவரின் ரேகை ஒத்துப்போவது கணக்கில் கொள்ளத்தக்க வாய்ப்பே அன்று என்பதைக் கணித அளவில் நிறுவ முயன்றது இந்நூல். பரம்பரைத் தகுதி பற்றிய ஆய்வே கால்டனின் முதன்மை ஈடுபாடு. இனத்தையும் குணத்தையும் ரேகை காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்த்தார். அவ்வகைத் தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் அவரே பதிவுசெய்தார்.

அதே 1892இல் அர்ஜென்டினாவின் நெக்கோசேயா நகரில் இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்டனர். கதவில் இருந்த இரத்தத் தடம் அவர்களுடைய தாயின் விரலோடு பொருந்தியதால் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்நாட்டில் இம்முறையை வளர்த்தவர் ஹுவான் வுசெட்டிச். லத்தீன் அமெரிக்காவில் அவருடைய வகைப்பாடே நிலைத்தது.

கல்கத்தா பணியகம்

அக்காலத்தில் ஐரோப்பியக் காவல்துறைகள், பாரிஸின் அல்போன்ஸ் பெர்த்தியோன் வகுத்தபடி தலை, கை, பாதம் முதலிய உடலளவுகளைக் கொண்டு பழைய குற்றவாளிகளை அடையாளம் கண்டன. அளப்பவர் மாறினால் அளவும் மாறியது இம்முறையின் பெருங்குறை. விரல்ரேகையில் இக்குறை இல்லை; ஆனால் ஆயிரக்கணக்கான அட்டைகளுக்குள் ஒன்றைத் தேடியெடுக்க வழி இருக்கவில்லை.

அவ்வழி வங்காளக் காவல்துறையில் பிறந்தது. அதன் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணிபுரிந்த அஜீஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் ஆகியோர் இதில் பெரும்பங்கு ஆற்றினர். பத்து விரல்களையும் ஐந்து இணைகளாக்கி, சுழி விழுந்த விரலுக்கு அதன் இணைக்குரிய எண்ணைக் கொடுத்துக் கூட்டினால் ஒரு பின்னம் கிடைக்கும். மேலே 32, கீழே 32 என மொத்தம் 1,024 பிரிவுகள். எந்த அட்டை வந்தாலும் அதற்குரிய அறைக்கு நேரே போய்விடலாம். கணித அமைப்பை வகுத்தவர் ஹக் என்றே வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். ஆயினும் அது 'ஹென்றி முறை' என்ற பெயரிலேயே உலகெங்கும் வழங்குகிறது.

1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. உலகின் முதல் பணியகமாக இது குறிக்கப்படுகிறது. ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டபோது, அங்கிருந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் பதிந்த இரத்த ரேகை, முன்பு தண்டனை பெற்ற பழைய வேலைக்காரர் ஒருவரின் ரேகையோடு பொருந்தியது. நீதிமன்றம் திருட்டுக்கு அவரைத் தண்டித்தது. ரேகை ஒன்றை மட்டும் வைத்துக் கொலைக்குற்றத்தை உறுதிசெய்யத் துணியவில்லை. 1899இல் இந்தியச் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, விரல்ரேகை பற்றிய வல்லுநர் கருத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. 1901இல் ஹென்றி லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்றபோது அங்கும் இதே முறை வேரூன்றியது.

டிரான்ஸ்வால் எதிர்ப்பு

காலனியில் பிறந்த முறைக்குக் காலனியிலேயே எதிர்ப்பும் எழுந்தது. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர் அனைவரும் ரேகை பதிந்து சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று 1906இல் அவசரச்சட்டம் வந்தது. குற்றவாளிகளிடம் வாங்குவதைக் குடிமக்களிடம் கேட்பது இழிவு என்று இந்தியர்கள் கொதித்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று ஜோகானஸ்பர்க்கில் காந்தி தலைமையில் எடுத்த உறுதிமொழியே சத்தியாகிரகத்தின் தொடக்கம். தமிழர்கள் இப்போராட்டத்தில் பெருமளவில் சிறை சென்றனர். அவர்களுள் முன்நின்றவர் மொரீசியஸில் பிறந்த தம்பி நாயுடு.

1908இல் அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி காந்தி தாமாக முன்வந்து ரேகை பதியச் சென்றார். வழியில், அதை ஏற்காத பட்டாணியர் சிலர் அவரைத் தாக்கினர். தடுக்க முயன்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். கட்டாயத்தின்பேரில் தருவதே இழிவு, விருப்பத்தோடு தருவது அன்று என்பது காந்தியின் வாதம். அரசு வாக்குத் தவறியதாகக் கருதப்பட்டபோது, அவ்வாண்டு ஆகஸ்டு 16 அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. ஒப்புதலா, கட்டாயமா என்னும் அந்தக் கேள்வி நூறாண்டுக்குப் பின் இந்திய உச்சநீதிமன்றத்தின் முன்னும் வந்து நின்றது.

கணினிக் காலம்

1960களிலிருந்து அமெரிக்காவின் எஃப்பிஐ உள்ளிட்ட அமைப்புகள் ரேகைகளைக் கணினி கொண்டு ஒப்பிட முயன்றன. 1999இல் எஃப்பிஐயின் நாடு தழுவிய தானியங்கித் தொகுப்பு இயங்கத் தொடங்கியது. கருவிழி அமைப்பை எண்களாக்கும் வழிமுறையை 1990களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜின் ஜான் டாக்மன் உருவாக்கினார். 2013இல் ஐபோனில் ரேகை உணரி வந்தபின், இத்தொழில்நுட்பம் பொதுமக்களின் அன்றாடப் பழக்கமாயிற்று. கைபேசியில் ரேகைக் குறிப்பு அந்தக் கருவிக்குள்ளேயே தங்குகிறது; அரசுத் திட்டங்களில் மையத் தொகுப்பில் சேர்கிறது. பாதுகாப்பு விவாதங்கள் பலவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த வேறுபாடே.

ஆதார்

இந்திய அரசு 2009 ஜனவரியில் தனித்துவ அடையாள ஆணையத்தை அமைத்தது. நந்தன் நிலேகணி அதன் முதல் தலைவர். 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தேம்பலி சிற்றூரில் முதல் ஆதார் எண்கள் வழங்கப்பட்டன. 12 இலக்க எண்ணோடு பத்து விரல்ரேகை, இரு கருவிழி, முகப்படம் ஆகியவை பதியப்படுகின்றன. புதிதாகப் பதிவோர் முன்பே பதிந்திருக்கிறாரா என்று முழுத் தொகுப்பிலும் தேடப்படுகிறது. பின்னர் சேவை பெறும்போது ஒன்றுக்கு ஒன்று ஒப்பீடே நடக்கிறது. இதுவரை 130 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் வழங்கப்பட்டுள்ளன. 2014இல் தொடங்கிய 'ஜீவன் பிரமாண்' திட்டத்தில் ஓய்வூதியர்கள் ரேகை வைத்து உயிர்வாழ்வுச் சான்று அளிக்கலாம். ஹெர்ஷல் ஹூக்ளியில் தீர்க்க முயன்றதும் இதே சிக்கலைத்தான்.

குறைபாடுகள்

மண்ணிலும் சுண்ணாம்பிலும் உழைப்போரின் ரேகை தேய்ந்துபோகிறது. முதியோரின் தோல் வறண்டு சுருங்குகிறது. கருவி ஏற்காதபோது ரேஷன் கடையிலும் வங்கி முகவரிடமும் இவர்களே திருப்பி அனுப்பப்படுகின்றனர். ஒப்பீட்டைக் கடுமையாக்கினால் உரியவரும் மறுக்கப்படுவார். தளர்த்தினால் பிறரும் நுழைவார். இவ்விரண்டு பிழைகளையும் ஒருசேர ஒழிக்கும் அமைப்பு இல்லை.

வல்லுநர்களும் தவறுகின்றனர். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த தடத்தை அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்பிஐ தவறாக முடிவுசெய்து அவரைக் காவலில் வைத்தது. பின்னர் மன்னிப்புக் கேட்டது. 2015இல் அமெரிக்க அரசு ஊழியர் தொகுப்பு ஊடுருவப்பட்டபோது 56 லட்சம் பேரின் ரேகைகள் களவுபோயின. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்றமுடியாது. இந்தியாவில் பத்திரப்பதிவுச் சட்டத்தின் 2001 திருத்தத்தின்படி சொத்துப் பத்திரங்களில் ரேகை பதிப்பது கட்டாயமானது. அத்தகைய பத்திரங்கள் இணையத்தில் கிடைத்ததால், அவற்றிலிருந்து ரேகைகளை ரப்பரில் வார்த்துப் போலி சிம் அட்டைகளை இயக்கிய மோசடி 2018இல் தெலங்கானாவில் வெளிப்பட்டது. மோசடியைத் தடுக்க வாங்கிய ரேகையே அதற்கு மூலப்பொருளாகியது.

சட்டநிலை

2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 26 அன்று ஐவர் அமர்வு, நால்வர் பெரும்பான்மையில் ஆதார் சட்டத்தை ஏற்றது. ஆனால் தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கோர இடமளித்த பகுதியை நீக்கியது. வங்கிக் கணக்கோடும் கைபேசி எண்ணோடும் இணைப்பதைக் கட்டாயமாக்கியதும் செல்லாதென்றது. நீதிபதி சந்திரசூட் மாறுபட்டு, சட்டம் முழுவதும் செல்லாது என்றார். காவல்துறையின் பக்கம், 1920ஆம் ஆண்டுக் கைதிகள் அடையாளச் சட்டத்தின் இடத்தில் 2022இல் வந்த புதிய சட்டம், ரேகையோடு கருவிழியையும் உயிரியல் மாதிரிகளையும் சேகரித்து 75 ஆண்டுகள் வைத்திருக்க இடமளிக்கிறது. தனித்தனியே வளர்ந்த அலுவலகப் பயன்பாடும் காவல் பயன்பாடும் இன்று ஒரே தொழில்நுட்பத்தில் இயங்குகின்றன. ஒன்றுக்காகப் பெற்ற ரேகை மற்றொன்றுக்குப் போகாமல் காப்பது சட்டத்தின் வேலையாக இருக்கிறது.