சேமிப்பகக் கொள்கையும் மெய்நிகர் கணினியும்: இணக்கம் எதற்குச் சான்று?

விஎம்வேரின் விஸ்பியர் மென்பொருளில், ஒரு மெய்நிகர் கணினியின் டிஸ்க் எத்தகைய இடத்தில் இருக்க வேண்டும் என்பதை விதிகளாக எழுதிவைப்பதற்குச் சேமிப்பகக் கொள்கை என்று பெயர். கணினியை உருவாக்குபவர் கொள்கையைத் தேர்ந்தெடுத்ததும், டிஸ்க்கை வைக்கப் பொருந்தும் சேமிப்பிடங்கள், அதாவது டேட்டாஸ்டோர்கள், ஒரு பக்கமும் பொருந்தாதவை மறுபக்கமும் பிரித்துக் காட்டப்படும். அதன் பிறகும் ஒவ்வொரு டிஸ்க்கும் கொள்கைக்கு இணங்கி இருக்கிறதா என்று மென்பொருள் சோதித்துக்கொண்டே இருக்கும். திரையில் தெரியும் இந்த இணக்கம் எல்லா இடத்திலும் ஒரே உறுதியைத் தருவதில்லை. சேமிப்பகத்தின் தகுதியை அறிவிப்பவர் யார் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுகிறது.

இம்முறை வருவதற்கு முன் பொருத்தம் பார்ப்பது நிர்வாகியின் நினைவாற்றலை நம்பியே நடந்தது. ஸ்டோரேஜ் கருவி பிரித்துத் தரும் எந்தப் பகுதி (லன்) எந்த ரெய்டு அமைப்பில் இருக்கிறது என்பது ஸ்டோரேஜ் பிரிவினரின் எக்செல் தாளில் இருக்கும்; டேட்டாஸ்டோரின் பெயரிலேயே குறிப்பைத் திணித்துவைப்பதும் வழக்கம். 2011இல் வந்த விஸ்பியர் 5.0, வாசா என்னும் இடைமுகத்தின் வழியே ஸ்டோரேஜ் கருவி தன் தகுதியைத் தானே தெரிவிக்க வழிசெய்தது. ஆனால் ஒரு டேட்டாஸ்டோருக்குக் கருவி சொல்லும் தகுதி ஒன்று, நிர்வாகி எழுதும் தகுதி ஒன்று, அவ்வளவுதான். 5.5 பதிப்பில் டேக் முறை வந்த பிறகே இந்த நெருக்கடி தீர்ந்தது.

டேக் முறையில் கொள்கையை எழுதுவதும் டேட்டாஸ்டோருக்கு டேக் இடுவதும் மனிதர்களே. 'கோல்டு' என்று டேக் இட்ட லன்னை ஸ்டோரேஜ் பிரிவு பின்னாளில் மெதுவான டிஸ்க்குகளுக்கு மாற்றினாலும் டேக் அப்படியே இருக்கும், இணக்கமும் மாறாது. சரக்கு மாறிய டப்பாவில் பழைய சீட்டு ஒட்டியிருப்பது போன்றது இது. ஆயினும் டேக் முறையைப் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது. டஜன்கணக்கான டேட்டாஸ்டோர்களில் தவறானதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அது குறைக்கிறது. டேக் இல்லாத இடத்துக்கு டிஸ்க்கை யாரேனும் நகர்த்தினால் காட்டிக்கொடுக்கிறது.

2015இல் விஸ்பியர் 6.0 உடன் வந்த விவால்ஸ், ஒவ்வொரு டிஸ்க்கையும் ஸ்டோரேஜ் கருவியே தனி வால்யூமாக உருவாக்கும் முறை. இங்கே தகுதியை அறிவிப்பது கருவி. ஆனால் எதை அறிவிப்பது என்பது தயாரிப்பாளரின் விருப்பம் என்பதால், ஒரு தயாரிப்பாளரின் கருவிக்கு எழுதிய கொள்கை இன்னொருவரின் கருவிக்கு அப்படியே செல்லாது.

2014 மார்ச்சில் வெளியான விசானில் நிலைமை வேறு. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வர்களான ஹோஸ்ட்களின் உள்ளே இருக்கும் டிஸ்க்குகளையே ஒரே தொகுப்பாக்கும் இம்முறையில், கொள்கை இடத்தைத் தேடுவதில்லை. தரவு எப்படி அடுக்கப்பட வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஒரு பழுதைத் தாங்க வேண்டும் என்று நகலெடுக்கும் விதியில் கேட்டால், 100 ஜிபி டிஸ்க் முழுதாக நிரம்பும்போது 200 ஜிபி பிடிக்கும். இரு நகல்களும் ஒரு சாட்சிக் கூறும் தனித்தனியே இருக்க மூன்று ஹோஸ்ட்கள் வேண்டும். அதையே ரெய்டு 5 விதியில் மூன்று தரவுக் கூறுகளும் ஒரு பாரிட்டியுமாக அடுக்கினால் ஏறத்தாழ 133 ஜிபி போதும், ஆனால் நான்கு ஹோஸ்ட்கள் தேவை. இரண்டு பழுதுகளை நகலெடுத்துத் தாங்க 300 ஜிபியும் ஐந்து ஹோஸ்ட்களும் ஆகும்.

மூன்று ஹோஸ்ட்கள் மட்டுமே உள்ள கிளஸ்டரில் ஒன்று விழுந்தால் மெய்நிகர் கணினி தொடர்ந்து ஓடும். இணக்கம் மட்டும் போய்விடும். இயல்பாக 60 நிமிடக் காத்திருப்புக்குப் பிறகு விசான் இழந்த கூற்றை மறுபடி கட்ட முயலும். ஆனால் மீதி இரு ஹோஸ்ட்களிலும் அதே டிஸ்க்கின் கூறுகள் ஏற்கெனவே இருப்பதால் வைக்க இடமில்லை. கொள்கை கேட்பதற்கு மேல் ஒரு ஹோஸ்ட் கூடுதலாக வைப்பது ஆடம்பரமல்ல என்பதற்கு இதுவே காரணம். 'கட்டாய ஒதுக்கீடு' விதியை இயக்கியிருந்தால், விதிகளை நிறைவேற்ற முடியாத நிலையிலும் புதிய கணினி நகல் இன்றியே உருவாகிவிடும். அவசரத்துக்கு உதவும், இயல்பு அமைப்பாக வைத்திருக்கத் தக்கதல்ல.

ஒரே கொள்கையைப் பல கணினிகள் பகிரும்போது, அதில் தரவின் அடுக்கை மாற்றும் ஒரு விதியைத் திருத்தி உடனே செயல்படுத்தினால் எல்லா டிஸ்க்குகளும் மறு அடுக்கலுக்குப் போகும். புதிய அடுக்கு முடியும்வரை பழையதும் இருப்பதால் தற்காலிக இடமும் நெட்வொர்க் சுமையும் கூடும். புதிய கொள்கை ஒன்றை எழுதிக் கணினிகளைச் சிறுசிறு தொகுதிகளாக மாற்றுவதே பாதுகாப்பானது.

வேகத்துக்கு விசான் கொள்கையும் பொறுப்பேற்பதில்லை. அதிலுள்ள ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை படித்தல், எழுதல்) விதி உச்சவரம்பு மட்டுமே. குறைந்தபட்சம் இவ்வளவு கிடைக்கும் என்று சொல்லும் விதி அதில் இல்லை. முழு இணக்கத்தோடு இருக்கும் டேட்டாபேஸ் டிஸ்க் மந்தமாக இயங்கினால், தாமத அளவுகளைத் தனியே பார்த்துத்தான் காரணம் தேட வேண்டும்.