வீட்டிலிருந்து தொடங்கும் வரலாறு

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் மாணவர்க்கு உதவித்தொகை வழங்கியதையும், மாலை வகுப்புகள் நடத்தியதையும் யாவரும் அறிவர். சங்கத்தின் படிப்பகம் ஆற்றிய பணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதன் நிலைப்பேழைகளில் வரலாற்று நூல்கள் ஒரு வரிசையிலும், தன்வரலாறுகள் மற்றொரு வரிசையிலும், குழந்தைப் பருவ நினைவுகளைக் கூறும் நூல்கள் வேறொரு வரிசையிலும் அடுக்கப்பட்டுள்ளன. இம்மூன்று வரிசைகளையும் ஒருங்கே வைத்துப் படித்தால்தான் நம் மக்களின் வரலாறு விளங்கும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளிப் பாடநூல்களில் மன்னர்களின் ஆண்டுகளும், போர்களின் பெயர்களும், ஆளுநர்களின் வரிசையும் உள்ளன. அவை வேண்டுவனவே. ஆயினும் மயிலாப்பூரிலும், தேனாம்பேட்டையிலும், அடையாற்றங்கரை ஊரூரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, இந்நகரின் வீடுகளையும் சாலைகளையும் எழுப்பிய நம் முன்னோர் எப்படிப் படித்தனர், எதைக் கண்டு அஞ்சினர், எதற்காகப் போராடினர் என்பதை அவற்றில் தேடினால் கிடைப்பது சிறிதே. அதனை வேறு வகை நூல்களில்தான் தேட வேண்டும்.

ஒரு பாட்டனாரும் ஓலைச்சுவடியும்

பண்டிதர் அயோத்திதாசர் 1845இல் பிறந்து 1914இல் மறைந்தவர். மயிலாப்பூருக்கு அணித்தேயுள்ள இராயப்பேட்டையிலிருந்து 1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். ஏழைத் தொழிலாளியும் வாங்கத்தக்க விலையே அதன் பெயராயிற்று. ஓராண்டிற்குப் பின் 'தமிழன்' எனப் பெயர் சுருங்கிய அவ்விதழில் அவர் எழுதிய வரலாற்றுக் கட்டுரைகள் பல.

அவற்றுள் நம் கருத்திற்கு உகந்தது அவர் தம் குடும்பத்தைப் பற்றிக் கூறிய செய்தி. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணியாற்றியவர். தம் இல்லத்தில் காத்து வந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசர் எழுதியுள்ளார். எல்லிஸ், சென்னைக் கல்விச் சங்கத்தை 1812இல் நிறுவி, குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1819இல் மறைந்தவர். அவரைப் பற்றி எழுதியோர் பலர். சமையற்கட்டில் பணி செய்த ஒருவரின் வீட்டில் குறள் இருந்தது என்னும் செய்தியையோ, ஒரு பேரன் தன் குடும்பத்தார் வாய்வழி கேட்டதை எழுதி வைத்தமையால்தான் நாம் அறிகிறோம். அவர் எழுதாதிருந்தால் அச்செய்தி அக்குடும்பத்தின் கடைசி முதியவரோடு போயிருக்கும்.

மணி அடிக்கும் வரை வெளியே நின்ற மாணவர்

அடுத்து நாம் எடுக்க வேண்டியது இரட்டைமலை சீனிவாசனார் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்'. பெயருக்கேற்ப மிகச் சிறிய நூல். 1893இல் 'பறையன்' என்னும் இதழைச் சென்னையில் தொடங்கியவர். பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் யாவரும் பயன்படுத்தும் உரிமைக்காக 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்து நிறைவேற்றியவர். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தவர். இத்தனை பெருமைகளுக்கும் முன்னே அவர் தம் மாணவப் பருவத்தை வைக்கிறார்.

கோயம்புத்தூரில் அவர் படித்தபோது உடன் பயின்ற ஏறத்தாழ 400 பேரில் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர். பழகினால் தம் குலமும் குடியிருக்கும் இடமும் தெரிந்துவிடுமோ என அஞ்சி, அவர் பள்ளிக்கு வெளியே எங்கேனும் இருந்து படித்து, மணி அடித்த பிறகே வகுப்பினுள் நுழைவார். பள்ளி விட்டதும் பிற மாணவர்கள் தம்மை எட்டாதபடி விரைந்து வீடு திரும்புவார். பிள்ளைகளோடு விளையாட இயலாத கொடுமையை அவர் நீண்ட காலத்திற்குப் பின்னும் மறக்கவில்லை.

சாலையில் நடக்கும் உரிமைக்குத் தீர்மானம் கொண்டு வந்தவர், சிறுவனாய் இருந்தபோது சாலையில் அஞ்சி விரைந்து நடந்தவர் என்பதை ஒருசேர நினைத்துப் பாருங்கள். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு தீர்மானத்தை மட்டுமே கூறும். அத்தீர்மானம் எங்கே கருக்கொண்டது என்பதை அந்தப் பிள்ளைப் பருவம் கூறும். ஒன்றின்றி மற்றொன்று நிறைவுறாது.

ஒரு குடும்பத்தில் இரு கருத்து

அயோத்திதாசரும் சீனிவாசனாரும் மைத்துனர் உறவினர். ஆயினும் நம் வரலாற்றை நோக்கிய முறையில் இருவரும் வேறுபட்டனர். இழிவாகச் சுமத்தப்பட்ட பெயரையே தாங்கி வெளிப்பட நின்று உரிமை கேட்க வேண்டும் என்று கருதி, சீனிவாசனார் அப்பெயரையே தம் இதழுக்குச் சூட்டினார். அப்பெயரே பிறர் இட்டது, நாம் பூர்வ பௌத்தர், சாதிபேதமற்ற தமிழர் என்று நிறுவ முற்பட்டார் அயோத்திதாசர். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தையும் கண்டார்.

பரங்கிமலையில் 1883இல் பிறந்த பெருந்தலைவர் எம்.சி. ராஜாவோ, அரசு ஆவணங்களில் ஆதி திராவிடர் என்னும் பெயரே வழங்க வேண்டும் என்று சட்டமன்றத்தில் 1922இல் வலியுறுத்தினார். அவர் ஆசிரியராகப் பணிபுரிந்தவர் என்பதும், பள்ளிப் பாடநூல்களும் சிறுவர்க்கான நூலும் எழுதியவர் என்பதும் ஆசிரியராகிய நமக்குப் பெருமை தருவன. 1925இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்' என்னும் நூலின் தலைப்பே, சமயத்தைக் குறித்து அவர் பண்டிதரினின்று வேறுபட்டதைக் காட்டும்.

இவர்களுள் யார் சரி என்று மாணவர் கேட்பர். ஒருவரைப் படித்து மற்றவரை விட்டுவிடாதீர் என்பதே நம் மறுமொழி. ஒரே துன்பத்தைக் கண்ட மூவர் மூன்று வழி தேடினர். பல நூல்களைப் படிப்பவனுக்கே அவ்வழிகள் தென்படும். ஒரே நூலைப் படிப்பவன் ஒருவரை வணங்குவதோடு நின்றுவிடுவான்.

அயலார் நூல்களும் நமக்குரியவை

பிறர் எழுதிய தன்வரலாறுகளை ஒதுக்கிவிடலாகாது. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' என்னும் நூலை 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். அது நிறைவுறுமுன் 1942இல் மறைந்தார். அவர் பெயரால் 1943இல் நிறுவப்பட்ட நூலகம் அடையாற்றின் பெசன்ட் நகரில் இருக்கிறது. ஊர் ஊராகக் குடும்பம் பெயர்ந்ததும், வறுமையும், தமிழ் கற்பிக்கும் ஆசிரியரைத் தேடி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்ததும் அந்நூலில் உருக்கமாக விரியும். கல்வி வேட்கை எத்தகையது என்று அறிய அதனினும் சிறந்த நூலைக் காண்பது அரிது.

அதே வேளையில் ஒரு கேள்வியையும் நாம் உடன் வைத்துப் படிக்க வேண்டும். அந்த ஏழைச் சிறுவருக்குத் தங்க இடமும் உணவும் கொடுத்த வீடுகள் வழியெங்கும் இருந்தன. திண்ணைப் பள்ளியில் அமர இடமும் இருந்தது. அதே காலத்தில் அதே ஊர்களின் சேரியில் பிறந்த சிறுவனுக்கு எத்திண்ணை திறந்தது? இக்கேள்வி நூலாசிரியரின் பெருமையைக் குறைப்பதற்கன்று. அந்நூல் கூறும் ஊரின் மறுபாதியைக் காண்பதற்கே.

திரு.வி.க. 1944இல் வெளியிட்ட 'வாழ்க்கைக் குறிப்புக்கள்' மற்றொரு சான்று. இராயப்பேட்டையில் வளர்ந்த அவர், சிறுவயதில் முடக்கு நோயுற்றுத் துன்புற்றபோது தமக்கு மருத்துவம் செய்து நலமாக்கியவர் அயோத்திதாச பண்டிதர் என்று நன்றியோடு குறித்துள்ளார். பண்டிதரின் எழுத்துகள் பல்லாண்டு மறைந்து கிடந்து, 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்தளித்த பின்னரே பரவலாகப் படிக்கப்பட்டன. அந்த இடைக்காலத்தில் பண்டிதரின் பெயரை நினைவூட்டிய நூல்களுள், ஒரு பிள்ளைப் பருவ நினைவைச் சொன்ன இந்நூலும் ஒன்று.

குழந்தைகள் கண்ட உலகம்

அண்ணல் அம்பேத்கர் தம் இளமைத் துன்பங்களைச் சில பக்கங்களில் எழுதி வைத்தார். 1901இல், தந்தையாரைக் காண அவரும் உடன்பிறந்தாரும் சாத்தாராவிலிருந்து கோரேகாவ் சென்ற பயணம் அதில் முதலாவது. புத்தாடை அணிந்து தொடர்வண்டியில் மகிழ்ந்து சென்ற பிள்ளைகள் மசூர் நிலையத்தில் இறங்கினர். அவர்கள் மகர் என்று அறிந்ததும் நிலைய அதிகாரி விலகினார்; வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தனர். இரட்டைக் கூலி கொடுத்து, தாமே வண்டியை ஓட்டி, கையில் உணவிருந்தும் பருகத் தண்ணீர் கிடைக்காமல் அவ்விரவைக் கழித்தனர். தீண்டாமையைப் பற்றி எத்தனை அறிக்கைகள் படித்தாலும், ஒன்பது வயதுச் சிறுவனின் அந்தத் தாகம் உணர்த்துவதை அவை உணர்த்துவதில்லை.

தமிழில் 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' இவ்வகையில் ஒரு திருப்பம். பள்ளி விட்டு வரும் சிறுமி, தம் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை அதன் கயிற்றில் பிடித்துத் தொங்கவிட்டுக் கொண்டு போய், பண்ணையாரிடம் பணிவோடு நீட்டுவதைக் காண்கிறாள். சிரிக்கிறாள். அதன் பொருளை அண்ணன் விளக்கியதும் சிரிப்பு சினமாகிறது. நன்றாகப் படி என்று அவளுக்குச் சொல்வதும் அந்த அண்ணனே. அவருடைய தமையனாரான அறிஞர் ராஜ் கௌதமனும் தம் இளமையை அடியொற்றி 'சிலுவைராஜ் சரித்திரம்' என்னும் புதினத்தை 2002இல் படைத்தார். ஒரே வீட்டில் வளர்ந்த ஆணும் பெண்ணும் தத்தம் குழந்தைமையை எழுதியிருப்பது அரிய வாய்ப்பு. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்போர் நம் குடும்பங்களில் பெண் குழந்தை சுமந்த கூடுதல் சுமையையும் காண்பர்.

நம் வட்டாரமும் நம் கடமையும்

நம் வட்டாரத்தில் கல்வி நுழைந்த கதையும் எழுதப்பட வேண்டியதே. கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றுப் பகுதியில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். பின்னர் மயிலாப்பூரில் திருவள்ளுவர் பெயரிலும், தேனாம்பேட்டை, கோடம்பாக்கம் ஆகிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்தன. நிறுவியவரைப் பற்றிய நூல்கள் உள்ளன. முதல் நாள் அங்குப் போய் அமர்ந்த பிள்ளைகளைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவு. அவர்களின் பெயரர்கள் நம்மிடையே இருத்தல் கூடும்.

இன்று காலம் நம்மை நெருக்குகிறது. 2000ஆம் ஆண்டு முதல் நம் மக்களுள் பலர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தொலைவிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். 2015 திசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் இழந்தன. தெரு கலைந்தால் அத்தெருவின் நினைவும் கலையும். பள்ளியில் நாம் காண்பது இன்னொன்று: முகவரி கேட்டால் தம் தெருவின் பெயரைச் சொல்லாது, அருகிலுள்ள பெரிய சாலையின் பெயரைச் சொல்லும் பிள்ளைகள் இன்றும் உளர். கோயம்புத்தூரில் மணி அடிக்கும் வரை வெளியே நின்ற மாணவரின் அச்சம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. தம் தெருவில் பிறந்தோரின் வரலாற்றைப் படித்த பிள்ளைக்கு அத்தெருவின் பெயரைச் சொல்ல நா எழும்.

ஆதலின் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மூன்று பணிகளை முன்வைக்கிறோம். முதலாவது, மேற்கூறிய நூல்களைப் படிப்பகத்தில் வாரந்தோறும் ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்டு உரையாட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம், எப்பள்ளியில் படித்தார், ஏன் நின்றார், முதற்கூலி என்ன, எந்தக் கிணற்றில் நீர் எடுத்தார், எப்போது இவ்வூருக்கு வந்தார் என வினவி, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிவர வேண்டும். பாட்டிமாரை மறத்தலாகாது, அவர்களிடம் கேட்டோர் சிலரே. மூன்றாவது, பழைய பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை, குடிசை மாற்று வாரிய ஒதுக்கீட்டு ஆணை, சங்கக் கூட்டத் துண்டறிக்கை ஆகியவற்றின் படிகளைச் சங்கம் பாதுகாக்க வேண்டும்.

இவற்றைப் படிப்பதிலும் விழிப்பு வேண்டும். நம் முதியோர் பலரின் பிறந்த நாள், பள்ளியில் சேர்த்த ஆசிரியர் தோராயமாக எழுதியதே என்பதைப் பள்ளிப் பதிவேடுகளோடு பழகியோர் அறிவர். தாய் சொல்லும் புயலையோ திருவிழாவையோ கொண்டு அதனைச் சரிபார்க்கலாம். பதிவேடும் வாய்மொழியும் ஒன்றையொன்று திருத்தும்.

கந்தப்பனாரின் பேரன் எழுதியதால் ஒரு சுவடியின் கதை நமக்குக் கிடைத்தது. சீனிவாசனார் எழுதியதால் ஒரு மாணவனின் அச்சம் நமக்குத் தெரிந்தது. நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்துப் பிள்ளைகள் எழுதிய நூல்களும் அந்த மூன்று வரிசைகளிலும் இடம்பெறுக. எழுதுகோலை இன்றே எடுப்போமாக.