கப்பல் இல்லாத கப்பல்காரர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லாத நேரத்தில் படியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஃபோன். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன். இப்போது ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸில் டாக்குமென்ட் பார்க்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

“டீச்சர், ஒரு சந்தேகம். நீங்க வரலாறுதானே எடுப்பீங்க?”

“வரலாறு, புவியியல், கணக்கு, பி.டி. வாத்தியார் லீவுன்னா அதுவும். என்னடா விஷயம்?”

விஷயம் இதுதான். ஒரு பார்ட்டியின் சரக்கு 3ஆம் தேதிதான் கப்பலில் ஏறியிருக்கிறது. வெளிநாட்டு வங்கி கொடுத்த எல்.சி.யில் கடைசி ஏற்றுமதி நாள் 30ஆம் தேதி. பில் ஆஃப் லேடிங்கில் 30 என்று தேதி போட்டுத் தரச் சொல்கிறார் பார்ட்டி. ஏதாவது பிரச்சினை வந்தால் நான் பொறுப்பு என்று இண்டெம்னிட்டி கடிதமும் தருகிறாராம். முதலாளி, “எல்லாரும் செய்யறதுதான், கையெழுத்துப் போடு” என்கிறார். கையெழுத்து இவனுடையது.

“தப்புன்னு தெரியுது டீச்சர். ஆனா எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியலை.”

எனக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இரண்டு நாள் மூன்று வாரமாகிவிட்டது. படிக்கப் படிக்க நூல் பிரிந்துகொண்டே போனது. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் பில் ஆஃப் லேடிங் என்றால் என்ன? என் அப்பா தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியும். 1974இல் புதுத் துறைமுகம் வருவதற்கு முன்னால் பெரிய கப்பல் கரைக்கு வராது. கடலில் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் சரக்கு போகும். நிலாவரை இலை, பஞ்சு, உப்பு, வெங்காயம். அப்பாவின் வேலை மூட்டை எண்ணுவது. கப்பலின் சீஃப் ஆபீசர் அந்தக் கணக்கைப் பார்த்து ஒரு ரசீது கொடுப்பார். அதற்கு மேட் ரசீது என்று பெயர். இரண்டு மூட்டை ஈரமாக இருந்தால் அதையும் அதில் எழுதிவிடுவார். அந்த ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் பில் ஆஃப் லேடிங் வாங்க வேண்டும். “எண்ணினதை எழுதணும், எழுதினதை எண்ணக் கூடாது” என்பார் அப்பா. சின்ன வயதில் அது எனக்குப் புரியவில்லை.

இந்தத் தாள் ஆரம்பத்தில் வெறும் ரசீதுதான். இத்தாலியத் துறைமுகங்களில் கப்பல் எழுத்தர் ஒரு பேரேட்டில் சரக்கைப் பதிவார். வியாபாரி கூடவே பயணம் போகாமல் ஊரிலேயே உட்கார்ந்து வியாபாரம் பண்ண ஆரம்பித்தபோது அந்தப் பதிவின் நகல் அவருக்குத் தேவைப்பட்டது. பிறகு அந்த நகலையே கைமாற்றி, நடுக்கடலில் இருக்கும் சரக்கை விற்க ஆரம்பித்தார்கள். அது செல்லுமா செல்லாதா என்று இங்கிலாந்தில் பெரிய வழக்கு நடந்தது. லிக்பாரோ எதிர் மேசன், 1787இல் தொடங்கி 1794 வரை. லிவர்பூலுக்கு வந்த ஒரு கப்பல் தானியத்துக்காக. வியாபாரிகளின் வழக்கப்படி, பில்லை மாற்றிக் கொடுத்தால் சரக்கின் உரிமையே மாறும் என்று முடிவானது. அன்றிலிருந்து அந்தத் தாள் சரக்குக்குச் சமம், வீட்டுக்குப் பத்திரம் மாதிரி.

நம் நாட்டுக்கு அந்தச் சட்டம் 1856இல் வந்தது. சிப்பாய்ப் புரட்சிக்கு ஒரு வருடம் முன்னால். மூன்றே மூன்று பிரிவுகள். 2025இல் புதுச் சட்டம் வரும் வரை, ஏறத்தாழ 170 வருடம் அதுதான் நடப்பில் இருந்தது. (நான் பாடம் எடுத்த காலத்தில் சமூக அறிவியல் புத்தகமே எத்தனை தடவை மாறியது!) அதன் மூன்றாவது பிரிவைப் பையனுக்கு இரண்டு தடவை சொன்னேன். பணம் கொடுத்து பில்லை வாங்கியவர் கையில் அது இருக்கும்போது, சரக்கு ஏறியது என்பதற்கு அதுவே முடிவான சாட்சி. யாருக்கு எதிராக? கப்பல் தலைவனுக்கு எதிராக, அல்லது அதில் கையெழுத்துப் போட்ட மற்றவருக்கு எதிராக. கையெழுத்து என்றால் சும்மா இல்லை.

இப்போது நடுவில் இருக்கிறவர்களுக்கு வருகிறேன். லாரி புக்கிங் ஆபீஸ் பார்த்திருப்பீர்கள். ஒரு மேஜை, ஒரு ஃபோன், ஒரு காலண்டர். லாரி அவருடையது இல்லை. ஆனால் அவர் இல்லாமல் லாரி கிடைக்காது. ஃபார்வர்டர் அப்படித்தான், கப்பலில் இடம் பிடித்துக் கொடுப்பவர். இன்னொரு வகை, முழு பஸ்ஸையும் வாடகைக்கு எடுத்து சீட்டு சீட்டாக விற்கிறவர் மாதிரி. கப்பலில் மொத்தமாக இடம் வாங்கி, தன் பெயரிலேயே பில் போட்டு, சில்லறையாக விற்பார். சரக்குக்காரருக்கு அவர்தான் கப்பல்காரர். கப்பல்காரருக்கு அவர் ஒரு சரக்குக்காரர். இவர்களை என்.வி.ஓ.சி.சி. என்கிறார்கள். பச்சைத் தமிழில் சொன்னால், கப்பல் இல்லாத கப்பல்காரர். இவர் கொடுப்பது ஹவுஸ் பில், கப்பல் கம்பெனி இவருக்குக் கொடுப்பது மாஸ்டர் பில்.

இந்த நடு ஆட்களைக் கட்டுக்குள் கொண்டுவர அதிகம் சட்டம் போட்டது அமெரிக்கா. அந்தக் கதையைப் படிக்கும்போது எனக்கு நம்ம ஊர் ஞாபகம்தான் வந்தது.

1875இல் இங்கிலாந்து–கல்கத்தா வழியில் ஓடிய கப்பல் கம்பெனிகள் கூடிப் பேசி, எல்லாரும் ஒரே கட்டணம் என்று கூட்டணி போட்டன. கப்பல் உலகத்தின் முதல் கூட்டணி அதுதான் என்பார்கள். சரக்குக்காரர் வெளியே போகாமலிருக்க ஒரு தந்திரம் செய்தார்கள். கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவோம், ஆனால் இப்போது இல்லை, சில மாதம் கழித்து. அதற்குள் வேறு கப்பலில் ஒரு மூட்டை ஏற்றினாலும் அந்தப் பணம் போச்சு. இன்னொரு தந்திரம் சண்டைக் கப்பல். புதிதாக ஒருவன் கப்பல் விட்டால், அவன் போகும் அதே வழியில், அதே நாளில், நஷ்டத்துக்கு ஒரு கப்பலை ஓட்டி அவனை ஒழித்துக்கட்டுவது.

1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி செய்தது இதே வேலையைத்தான். கட்டணத்தைக் குறைத்தார்கள். வ.உ.சி.யும் குறைத்தார். கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போனார்கள், குடையும் கொடுத்தார்கள். இந்தக் குடைக் கதையை நான் சொல்லும்போது வகுப்பே சிரிக்கும். ஆனால் 1908இல் அவர் சிறைக்குப் போன பிறகு கம்பெனி நொடித்துப்போனதைச் சொல்லும்போது ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அன்று நம் நாட்டில் அந்தக் குடையைத் தடுக்க ஒரு சட்டமும் இல்லை. 1916இல் அமெரிக்கா கப்பல் சட்டம் போட்டது. பிற்பாடு திருப்பித் தரும் தள்ளுபடி கூடாது, சண்டைக் கப்பல் கூடாது, வேறு கம்பெனியில் ஏற்றினான் என்பதற்காக ஒருவனுக்கு இடம் மறுக்கக் கூடாது. இதற்கும் தூத்துக்குடிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் பத்து வருடம் முந்தி நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் என்று மனசு நினைக்காமல் இருக்குமா?

வெளிப்படையான தள்ளுபடியைத் தடுத்ததும் அது பின்வாசல் வழியாக வந்தது. பின்வாசல்தான் ஃபார்வர்டர். கப்பல் கம்பெனி அவருக்குத் தரகு கொடுக்கும், அவர் அதில் ஒரு பங்கைச் சரக்குக்காரருக்கு ரகசியமாகத் தள்ளுவார். சில இடங்களில் சரக்குக்காரரே ஃபார்வர்டர் என்று போர்டு மாட்டிக்கொள்வார். அதனால் 1961இல் அமெரிக்கா ஃபார்வர்டருக்கு உரிமம் வேண்டும் என்றது. ஜாமீன் கட்ட வேண்டும், ஏற்றுமதிச் சரக்கில் சொந்த வியாபாரம் இருக்கக் கூடாது, வேலை செய்ததற்குச் சான்று கொடுத்தால்தான் தரகு.

அதற்கு ஐந்து வருடம் முன்பே இன்னொன்று நடந்துவிட்டது. 1956 ஏப்ரல் 26. மால்கம் மெக்லீன் என்கிற லாரி முதலாளி, ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கண்டெய்னர் யுகம் பிறந்தது. பெட்டி வந்ததும் மூட்டை எண்ணுகிற வேலை போனது, என் அப்பா மாதிரி ஆட்களின் வேலை. பத்துப் பேர் சரக்கை ஒரே பெட்டியில் அடைக்கலாம் என்றானதும் கப்பல் இல்லாத கப்பல்காரர்கள் பெருகினார்கள். அமெரிக்கா 1984 சட்டத்தில் அவர்களுக்கு இலக்கணம் எழுதியது. 1998 சட்டத்தில் இரண்டு வகையையும் சேர்த்துக் கடல் போக்குவரத்து இடையாள் என்று ஒரே பெயர் வைத்து, 1999 மே மாதத்திலிருந்து எல்லாருக்கும் ஜாமீன் என்றது. ஃபார்வர்டருக்கு 50,000 டாலர், என்.வி.ஓ.சி.சி.க்கு 75,000, உரிமம் இல்லாமல் பதிவு மட்டும் செய்யும் வெளிநாட்டுக்காரருக்கு 150,000. உரிமம் கேட்கும் கம்பெனியில் இந்தத் தொழிலில் மூன்று வருட அனுபவம் உள்ள ஒருவராவது பொறுப்பில் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் 1993இல் பல்வகைப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. வீட்டு வாசலிலிருந்து வெளிநாட்டு வாசல் வரை பொறுப்பேற்று, தன் பெயரில் போக்குவரத்து ஆவணம் கொடுக்கிறவர் மும்பையிலுள்ள டி.ஜி. ஷிப்பிங்கில் பதிய வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரவுசெலவோ மூலதனமோ காட்ட வேண்டும். கஸ்டம்ஸ் வேலை பார்க்கிறவருக்குத் தனி உரிமம், எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு. 2018 விதிகளின்படி வாடிக்கையாளர் யார், அவர் முகவரி உண்மையா என்று சரிபார்ப்பதும் அவர் பொறுப்பு.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்கிறவர்கள் என் தம்பி மகனைக் கேளுங்கள். தென்னை நார்க்கழிவு ஏற்றுமதி செய்கிறான். மூன்று பெட்டிக்குக் கப்பல் கட்டணத்தை முழுசாக ஒரு ஃபார்வர்டரிடம் கட்டினான். அந்த ஆள் கப்பல் கம்பெனிக்குக் கட்டவில்லை. ஆபீஸைப் பூட்டிவிட்டார். பெட்டி அந்த நாட்டுத் துறைமுகத்தில். கட்டணம் வராமல் விட மாட்டோம் என்று கப்பல் கம்பெனி. நாளுக்கு நாள் டெமரேஜ், டிடென்ஷன். இவன் கையில் இருந்தது ஹவுஸ் பில், அதைக் கொடுத்தவரையோ காணோம். கடைசியில் கட்டணத்தை இரண்டாவது தடவை கட்டி, வாடகையும் கட்டி மீட்டான். என் தம்பி மனைவியின் வளையல் அதில் போனது. பதிவு எண் கேட்டாயா என்றேன். “கேட்கணும்னு தெரியாது அத்தை” என்றான்.

சரி, பையனின் கேள்வி. இண்டெம்னிட்டி கடிதம் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

1957இல் லண்டனில் ஒரு தீர்ப்பு. 100 பீப்பாய் ஆரஞ்சுச் சாறு ஹாம்பர்க் போகிறது. பீப்பாய்கள் பழசு, ஒழுகுகின்றன என்று டாலி கிளார்க் எழுதுகிறார். ஆனாலும் நல்ல நிலையில் ஏறியது என்று பில் கொடுத்து, அதற்குப் பதிலாக இண்டெம்னிட்டி கடிதம் வாங்கிக்கொள்கிறது கப்பல் தரப்பு. ஹாம்பர்க்கில் நஷ்டஈடு கட்டிவிட்டு, கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால், பொய்க்காக எழுதிக்கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவிட்டது கோர்ட்டு. எல்லாரும் செய்கிற வழக்கம் என்ற வாதமும் எடுபடவில்லை.

தேதி விஷயத்துக்கும் தீர்ப்பு இருக்கிறது. 1993இல் ஈரானிலிருந்து வியட்நாமுக்கு பிட்டுமென், அதாவது தார். எல்.சி.யில் கடைசி நாள் அக்டோபர் 25. நவம்பரில், ஏற்றி முடிப்பதற்கு முன்பே, அக்டோபர் 25 என்று தேதி போட்டு பில் கொடுத்தார்கள். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டு வங்கி அதைப் பார்த்துப் பணம் கொடுத்தது. வியட்நாம் வங்கி கையை விரித்தது. வழக்கு. பாகிஸ்தான் நேஷனல் ஷிப்பிங் கார்ப்பரேஷன், அதன் ஏஜென்ட், சரக்கு விற்ற கம்பெனி, எல்லாரும் மாட்டினார்கள். விற்ற கம்பெனியின் இயக்குநர் மட்டும், நான் கம்பெனிக்காகச் செய்தேன், என்னைத் தனியாகப் பிடிக்க முடியாது என்றார். 2002இல் பிரிட்டன் பிரபுக்கள் சபை சொன்னது: யாருக்காகச் செய்தாலும் ஏமாற்றியவர் சொந்தமாகப் பொறுப்பு.

பையனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அப்ப முதலாளி சொன்னார்னு நான் சொல்ல முடியாது.”

“முடியாது.”

“பார்ட்டி கடிதமும் குப்பை.”

“குப்பைதான்.”

“வேற என்ன வழி டீச்சர்?”

வழி பழைய வழிதான். வாங்குகிறவரிடம் பேசி எல்.சி.யைத் திருத்தச் சொல்ல வேண்டும். திருத்தக் கட்டணம் உண்டு, இரண்டு மூன்று நாள் ஆகும், தாமதத்துக்காக அந்த ஆள் விலை குறைத்துக் கேட்டாலும் கேட்பார். இதை அவனும் அறிந்தவன்தான், என் வாயால் கேட்க நினைத்திருக்கிறான்.

நேற்று மறுபடி ஃபோன் செய்தான். நான் மூன்று வாரம் இழுத்ததில் அந்த பில் விஷயம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. அவன் கையெழுத்துப் போடவில்லை. 3ஆம் தேதியே போட்டுத் தருவேன் என்று மெயிலில் எழுதிவிட்டான். பார்ட்டி அடுத்த சரக்கை வேறு ஆபீஸுக்குக் கொண்டுபோய்விட்டார். முதலாளி இவனிடம் இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இந்த மாத இன்சென்டிவும் இல்லை.

“வேற இடத்துல வேலை இருந்தா சொல்லுங்க டீச்சர். நம்ம செட்டுல யாராவது இந்த லைன்ல இருப்பாங்க.”

தூத்துக்குடியிலோ சென்னையிலோ யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், அவன் நம்பரைத் தருகிறேன். ஏழாம் வகுப்பில் வரைபடத்தில் துறைமுகம் குறிக்கச் சொன்னால் மார்மகோவாவைக் கிழக்குக் கரையில் வைத்தவன். இப்போது சரியாக வைப்பான்.