கைதியிடம் கேட்டறிந்த பாதிரியார்

குற்றவாளியைத் தண்டிப்பது எளிது. அவன் ஏன் குற்றம் புரிந்தான் என்று அறிவது அரிது. அந்த அரிய பணியில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர், இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரச் சிறையில் பாதிரியாராக இருந்த ஜான் கிளே (1796-1858).

பிரஸ்டன், லங்காஷயரின் பஞ்சாலை நகரம். அங்கே வறுமைதான் குற்றத்தின் தாய் என்று நாம் எண்ணிவிடுவோம். கிளே அவ்வாறு எண்ணி அமையவில்லை. கைதியின் அறைக்கே சென்று அவன் கல்வியையும் குடும்பத்தையும் பழக்கங்களையும் வினவினார். சிலரைத் தம் வரலாற்றைத் தாமே எழுதச் செய்தார். அறிந்தவற்றை ஆண்டறிக்கைகளில் எண்களோடு பதிந்தார்.

1855-இல் அவர் வெளியிட்ட ஆய்வின் முடிவு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. வேலையற்ற காலத்தில் பெரிய வழக்குகள் சிறிதே கூடின. சோம்பித் திரிந்த இளைஞரே அவற்றில் சிக்கினர். கூலி உயர்ந்த காலத்திலோ சிறு வழக்குகள் மிகப் பெருகின. கைநிறையப் பெற்ற கூலி மதுக்கடைக்குச் சென்றதே காரணம் என்றார் கிளே. பீர்க்கடைகளை எளிதில் திறக்க 1830-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்திருந்தது.

தனியறைச் சிறை மனத்தைத் திருத்தும் என அவர் நம்பியதை இன்று நாம் ஏற்பதற்கில்லை. தனிமை பலர் அறிவைக் கலக்கியதை வரலாறு காட்டுகிறது. ஆயினும் ஒன்று மறுக்கவொண்ணாதது. சிலர் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று இத்தாலியின் லொம்ப்ரோசோ 1876-இல் நூல் எழுதினார். அதற்கு முன்னரே, கைதியின் வாய்மொழியைப் பொறுமையுடன் கேட்டு, குற்றத்தின் வேரை அவன் வாழ்ந்த தெருவில் தேடியவர் கிளே. தீர்ப்புக்கு முன் கேட்க வேண்டும் என்பதே அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.