கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு: ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு வைட்டமின்கள் குறித்த தென்னிந்தியச் சான்றுகள்

தேவிகுளம் தாலுகாவின் வட்டவடையிலும் காந்தளூரிலும் சரிவெல்லாம் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு. மூணாறைச் சுற்றித் தேயிலை. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் என்று சத்துணவு நூல்கள் அடுக்கும் பொருள்கள் பலவும் இம்மலையிலேயே விளைகின்றன. கேரட்டோ லாரியேறிச் சந்தைக்குப் போய்விடுகிறது. தோட்டத்து லயங்களில் விறகடுப்புப் புகையும், கொழுந்து கிள்ளுவோர் பலரின் மடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலையுடன் சுருக்குப்பையும் அன்றாடக் காட்சிகள். இத்தகைய வாழ்க்கை வாழ்வோருக்கு வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகளைக் கொடுத்தால் நோய் குறையுமா? குறையாது என்பதே என் வாதம். பற்றாக்குறையைப் போக்கும் வேலை வேறு, புகையிலையின் கேட்டை ஈடுகட்டும் வேலை வேறு. முதல் வேலையை வைட்டமின் செய்கிறது என்பதாலேயே இரண்டாவதையும் செய்யும் என்று நம்பிவிட்டோம்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமலில்லை. புகையும் வெயிலும் முதுமையும் உடலில் தனி உறுப்புகள் எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகளைப் பெருக்குகின்றன. அவை செல்களைச் சிதைக்கின்றன. வைட்டமின் சி அவற்றை அடக்குகிறது. சோதனைக்குழாயில் இது உண்மை. அரியானாவிலும் புதுச்சேரிப் பகுதியிலும் 60 வயதைக் கடந்தோரை ஆராய்ந்து 2011இல் வெளியான முடிவுகளின்படி, தெற்கில் 45.7 விழுக்காட்டினருக்கும் வடக்கில் 73.9 விழுக்காட்டினருக்கும் இரத்தத்தில் வைட்டமின் சி பற்றாக்குறை இருந்தது. அச்சத்து குறைந்தவர்களிடம் கண்புரையும் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் பற்றாக்குறை யாரிடம் மிகுந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: புகையிலை பயன்படுத்துவோர், விறகு வறட்டியில் சமைப்போர், உடல் மெலிந்தோர். இரத்தத்தில் குறைந்த வைட்டமின், நோய்க்குக் காரணமாகவும் இருக்கலாம். வறுமையின் அடையாளமாக மட்டுமே இருக்கவும் கூடும்.

இரண்டையும் பிரித்தறியச் சீரற்ற முறையில் குழு பிரித்து நடத்தும் ஆய்வு வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் பங்கேற்ற ஓர் ஆய்வில் கிராமவாசிகள் 798 பேருக்கு வாரம் மூன்று முறை பீட்டா கரோட்டின், சி, ஈ மாத்திரைகளோ வெற்று மாத்திரைகளோ ஐந்தாண்டுகள் தரப்பட்டன. 2006இல் முடிவு வந்தது: புரை வளர்வதில் வேறுபாடில்லை. உணவிலேயே இச்சத்துகள் குறைவாக உள்ள மக்களிடம் கிடைத்த முடிவு இது. ஆகவே 'நன்றாகச் சாப்பிடும் மேல்நாட்டாருக்குத்தான் பலிக்கவில்லை' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

மறுபக்கம், திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளிடம் நடந்து 1990இல் வெளியான ஆய்வு. வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. அவர்களோடு ஒப்பிடப்பட்ட குழந்தைகளும் வைட்டமின் ஈ பெற்றார்கள் என்பது பலர் கவனிக்காத செய்தி. இரு குழுவுக்கும் ஈ பொது. வேறுபாடு ஏ ஒன்றுதான். ஈ பயனற்றது என்று இதிலிருந்து சொல்ல முடியாது, ஈ பெறாத குழு அங்கே இல்லை. ஆனால் குழந்தைகளைக் காத்தது ஏ. சவ்வுகளைப் பேணுவதும் நோயெதிர்ப்பைத் தாங்குவதும் அதன் பணிகள். அவற்றுக்கு ஆக்சிஜனேற்றக் கோட்பாட்டைத் துணைக்கழைக்கத் தேவையில்லை.

புகையிலைக்கு வருவோம். கன்னத்தில் ஒதுக்கி வைக்கும் இடத்தில், மாதக்கணக்கில் சுண்ணாம்பும் புகையிலையும் உரசி, வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு ஒன்று படியும். லூக்கோபிளேக்கியா என்பார்கள், சிலருக்கு அது புற்றாக மாறும். கேரளத்து மீனவ ஆண், பெண்கள் 160 பேரிடம் ஓராண்டு நடந்து 1997இல் வெளியான ஆய்வில், வைட்டமின் ஏ பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் பீட்டா கரோட்டின் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் திட்டு முற்றிலும் மறைந்தது. வெற்று மாத்திரைக்கு 10தான். வைட்டமின் கட்சியின் மிகச் சிறந்த சான்று இதுவே. ஆனால் மருந்தை நிறுத்தியதும், குணமானவர்களில் ஏ குழுவில் மூன்றில் இரு பங்கினருக்கும் பீட்டா கரோட்டின் குழுவில் பாதிப்பேருக்கும் திட்டு திரும்பியது. வாரம் 3 லட்சம் அலகு வைட்டமின் ஏ-யை ஆயுள் முழுக்கக் கொடுக்க எந்த மருத்துவரும் துணியமாட்டார், கல்லீரல் தாங்காது.

பீட்டா கரோட்டினிலும் ஆபத்து உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியது. 1996இல் அமெரிக்க ஆய்வொன்று, வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்ததில், 28 விழுக்காடு கூடுதலைக் கண்டு இடையிலேயே நிறுத்தப்பட்டது. புகை மண்டிய நுரையீரலில் பீட்டா கரோட்டினே சிதைந்து தீங்கான துணுக்குகளாகிறது என்பது ஏற்கத்தக்க விளக்கம். கேரட்டைத் தின்பவருக்கு இந்த அச்சம் வேண்டாம்.

ஆக, தேவிகுளத்துத் தோட்டங்களில் வாய்ப்புற்றைக் குறைக்கப் பணம் இருந்தால் அதை மாத்திரையில் போடக் கூடாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. பழக்கமில்லாதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த வேறுபாடு புள்ளியியல் உறுதியை இழக்கிறது. ஆகவே வெற்றிலை போடுவோரை முதலில் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதே பொருந்தும். லயங்களில் அவர்களைக் கண்டுபிடிப்பது கடினமன்று.