சூட்டும் கட்டும்

நகரத்துப் பெரிய ஓட்டலில் பதிவு செய்த அறை ஒன்று, கிடைத்த அறை வேறொன்று என்றால் யாருக்கும் கோபம் வரும். 'சூட் ரூமுக்கு அப்கிரேட் பண்ணியிருக்கோம் சார்' என்று வரவேற்பில் சொன்னால் மட்டும் கோபம் மகிழ்ச்சியாகிவிடுகிறது. அந்த மகிழ்ச்சியில் பிறந்ததுதான் போலும், இன்று ஊரெங்கும் உலவும் சொற்பிறப்பு விளக்கம்: ஆங்கிலேயர் சூட்டை 'ஸ்வீட்' என்று ஒலிக்கிறார்கள், ஆகவே அது இனிய அறை, தேனிலவுக்கு உகந்த அறை என்கிறார்கள். செய்தித்தாள்களும் 'சொகுசு அறை' என்றெழுதி அந்த மயக்கத்தை உறுதிப்படுத்திவிட்டன. ஒலி ஒத்தால் உறவு என்று கொள்வது சொல்லாராய்ச்சி ஆகாது.

இனிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு உறவினர் லத்தீனில் 'சுவாவிஸ்', வடமொழியில் 'ஸ்வாது'. சூட்டின் குடும்பம் வேறு. 'பின்தொடர்' என்று பொருள்படும் லத்தீன் 'செக்வி' பழைய பிரெஞ்சில் தேய்ந்து திரிந்து 'சுயித்' ஆயிற்று. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இதே வேரின் வடமொழிக் கிளையாக 'ஸச்' என்னும் வினையை மொழிநூலார் காட்டுவர். உடன் செல்லுதல் என்பது அதன் பொருள். அதிலிருந்து வந்தவன் 'சசிவன்', அரசனை விட்டு அகலாத அமைச்சன். திருவிதாங்கூரில் 1936 முதல் 1947 வரை திவானாக இருந்த சர் சி. பி. ராமசாமி ஐயர் தாங்கிய 'சசிவோத்தம' என்னும் பட்டமும் ஓட்டல் சூட்டும் ஒரு வேரின் இரு கிளைகள். 'ஸ்வீட்' கட்சியார் இதற்குச் சொல்லக்கூடிய விடை ஏதுமில்லை.

ஆங்கிலத்தில் அச்சொல் முதலில் அறையைக் குறிக்கவே இல்லை. ஆட்களைக் குறித்தது. இளவரசரோ தூதரோ புறப்பட்டால் பின்னால் வரும் பரிவாரமே சூட். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது அறைகளின் வரிசைக்கும் பெயராயிற்று. ஆளைக் குறித்த சொல் கட்டடத்துக்கு எப்படி ஏறும் என்று ஐயுறுவோர் தமிழைப் பார்க்கட்டும். அரசனைச் சுற்றி நின்ற ஐம்பெருங்குழுவையும் எண்பேராயத்தையும் சிலம்பு படித்தவர் அறிவர். வள்ளுவர் 53ஆம் அதிகாரமான சுற்றந்தழாலைப் பொருட்பாலின் அரசியலில் வைத்ததும் காரணத்தோடுதான். சுற்றி நிற்போர் சுற்றம். சுற்றி நிற்கும் கட்டடமோ திருச்சுற்று மாளிகை. தஞ்சைப் பெரிய கோயிலில் அதை ராஜராஜன் ஆணைப்படி எடுப்பித்தவன் சேனாபதி கிருஷ்ணன் ராமன் என்று கல்வெட்டே சொல்கிறது. பரிவார தெய்வங்களுக்கு அங்கே இடம் அமைந்தது. ஒரே வினையடி ஆளுக்கும் ஆயிற்று, மாளிகைக்கும் ஆயிற்று.

பிரான்சில் இந்த மாற்றத்துக்குக் களம் அரண்மனை. 14ஆம் லூயி 1682இல் அரசவையை வெர்சாய்க்கு மாற்றினான். அங்கே அரசனின் பேரறைகள் வீனஸ், டயானா, மார்ஸ், மெர்குரி, அப்போலோ என்று தேவர் பெயர் தாங்கி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. கதவுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்தவை. இந்த அமைப்பை பிரெஞ்சுக்காரர் 'ஆன்ஃபிலாட்' என்பர். நூலில் கோத்தது என்று பொருள். தமிழில் 'கோவை' என்றால் அதற்கு இம்மியும் குறையாது. அரண்மனைகளில் அறைவரிசை என்பது தகுதிவரிசை. வந்தவருக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு அறைகளைத் தாண்டி உள்ளே போகலாம்.

இது பிரெஞ்சுக்காரருக்கே உரிய நுட்பம் என்று எழுதுவோர் நெடுநல்வாடையைத் திறந்து பார்த்ததில்லை என்றே கொள்ள வேண்டும். நூலறிந்தோர் கயிறு பிடித்து அளந்து வகுத்த அந்தப் பாண்டியன் அரண்மனையில் வாயில் கடந்தால் மணல் பரந்த முற்றம், அதற்கும் அப்பால் அரசனைத் தவிர வேறு ஆடவர் அணுக முடியாத காவல் மனை, அதனுள்ளே கருவின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட பள்ளியறை என்று நக்கீரர் நம்மைப் படிப்படியாக உள்ளே அழைத்துச் செல்கிறார். இதைவிடத் தெளிவான சூட் எந்த நாட்டு இலக்கியத்தில் இருக்கிறது?

சூட்டின் உடன்பிறப்புகளையும் சற்றுப் பார்க்கலாம். கோட்டும் கால்சட்டையும் ஒரே துணியில் ஒன்றையொன்று தொடர்வதால் அந்த உடையும் சூட். அதை வைக்கும் பெட்டி சூட்கேஸ். ஆகவே நம்மூரில் 'சூட் ரூம்' என்று சொல்பவரைத் திருத்த முனைவோர் நாவடக்கம் காக்க வேண்டும். உடையும் அறையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். நீதிமன்ற வழக்குக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். நாமும் வழக்குத் 'தொடர்ந்தார்' என்கிறோமே! இரு மொழிகளும் ஒரே எண்ணத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

செசார் ரிட்ஸ் பாரிசில் 1898இல் திறந்த ஓட்டல், அறையோடு சேர்ந்த குளியலறையால் பெயர் பெற்றது. அத்தகைய குளியலறையை ஆங்கிலத்தில் 'ஆன் சூட்' என்று சொல்லும் வழக்கம் பின்னர் பரவியது. அறையைத் தொடர்ந்து வருவது என்பதே அங்கும் பொருள். அதே ரிட்ஸில்தான் உடைக்கலைஞர் கோகோ ஷானெல் 1937 முதல் ஒரு சூட்டில் வாழ்ந்து, 1971இல் உயிர் நீத்தார். அரசருக்குரிய அறைவரிசை காசு கொடுப்பவருக்கும் உரியதானது இப்படித்தான்.

காசு கொடுக்காமலும் அது கிடைப்பதற்குக் காரணம் கணக்கு. சிலர் வரமாட்டார்கள் என்ற கணிப்பில், மலிவான அறைகளை ஓட்டல்கள் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே பதிவு செய்கின்றன. எல்லோரும் வந்துவிட்டால் சிலரை மேலே ஏற்றத்தான் வேண்டும். விலை அதிகமான சூட்டுகளோ பல இரவுகள் காலியாகக் கிடப்பவை. அவற்றை அடிக்கடி வருபவருக்குத் தந்தால் நன்றியும் கிடைக்கும். மேரியட் பான்வாய் திட்டத்தில் ஆண்டுக்கு 50 இரவு தங்கினால் பிளாட்டினம் நிலை, ஹயாட்டில் 60 இரவு தங்கினால் குளோபலிஸ்ட் நிலை; காலியாக இருந்தால் இவர்களுக்கு சூட் உண்டு. 'அப்கிரேட்' என்பதில் உள்ள 'கிரேட்' லத்தீன் 'கிராதுஸ்'. படி என்பது பொருள். படியேற்றம் என்றே சொல்லலாம். சிலம்பின் மனையறம்படுத்த காதையில் நெடுநிலை மாடத்தின் இடைநிலத்தில் இருந்த கோவலனும் கண்ணகியும் தென்றல் வந்ததும் மேலே நிலாமுற்றமான அரமியத்துக்கு ஏறினார்களே, அது சொந்த மாடத்தில் நடந்த படியேற்றம்.

இனி, தமிழில் இதை என்னவென்பது? 'சொகுசு அறை' பொருந்தாது. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'சொகசு' அழகைக் குறிக்கும். தியாகராஜர் ஸ்ரீரஞ்சனியில் 'சொகசுகா' என்று கீர்த்தனையைத் தொடங்கியது அழகை நினைந்தே அன்றி மெத்தையை நினைந்து அன்று. தமிழுக்கு வந்து அது வசதி என்று பொருள் மாறியது. வசதி எந்த அறையிலும் இருக்கலாம். 'அறைத் தொகுதி' அள்ளிக் குவித்ததைச் சொல்லுமே தவிர முன்பின் வரிசையைச் சொல்லாது. 'தொடரறை' வேருக்கு நேர். ஆயினும் அது மொழிபெயர்ப்பாளர் மேசையில் பிறந்த சொல். எந்த வீட்டிலும் வாழ்ந்ததில்லை.

வாழ்ந்த சொல் ஒன்று இருக்கிறது. அது 'கட்டு'. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று அடுத்தடுத்து வரும். தலைவாசலில் நின்றால் கதவுகளின் நேர்கோட்டினூடே கொல்லைப்புறம் வரை கண் போகும். வெர்சாயின் அமைப்பு இதுதான். முகப்போடு நின்று பேசிப் போகிறவர் உண்டு, மூன்றாங்கட்டு வரை உரிமையோடு போகிறவர் உண்டு. தகுதிவரிசையும் அப்படியே இருக்கிறது. கேரளத்தார் நாலுகட்டு, எட்டுக்கட்டு என்பதும் இச்சொல்லே. கட்டு முற்றத்தைச் சுற்றியது, சூட் நேர்கோட்டில் அமைந்தது என்று மறுப்போர் ஒரு கட்டை மட்டும் பார்க்கிறார்கள். அடுத்த கட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

இந்த அளவுகோலை வைத்தால் இன்னொன்றும் தெளிவாகும். ஒரே அறையின் மூலையில் சோபா போட்டு 'ஜூனியர் சூட்' என்று பெயர் சூட்டுகிறார்கள். தொடர்வதற்கு இரண்டாவது அறை இல்லாத இடம் சூட்டும் அன்று, கட்டும் அன்று. அது பெரிய அறை, அவ்வளவே. பத்திரிகை ஆசிரியர்கள் இனியேனும் 'சொகுசு அறை'யைக் கைவிட்டு 'அறைக்கட்டு' என்று எழுத வேண்டும்.