அசிசிப் பிரான்சிசும் தொழுநோயாளரும்

பிறர்க்குத் தொண்டு செய்வோர் அத்தொண்டினால் தாமும் மாறுகின்றனர் என்பது கிறித்தவ மரபில் பன்முறை பேசப்படும் கருத்து. மாறியவரே தம் மாற்றத்தைத் தம் சொல்லால் பதிந்துவைத்த சான்று கிடைப்பது அருமை. இத்தாலி நாட்டு அசிசி நகரப் பிரான்சிஸ், தாம் மறைந்த 1226ஆம் ஆண்டில் சொல்லி எழுதுவித்த இறுதிச் சாசனம் அத்தகைய சான்றுகளுள் ஒன்று.

துணி வணிகர் ஒருவரின் மகனாக 1181 அல்லது 1182இல் பிறந்தவர் பிரான்சிஸ். நல்லுடை, விருந்து, பாட்டு ஆகியவற்றில் திளைத்த இளைஞர். 1202இல் பெருஜியா நகரோடு நிகழ்ந்த போரில் சிறைப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டு அடைபட்டுக் கிடந்தார், பின்னர் நோயுற்றார். எனினும் சாசனம் போரிலிருந்தோ சிறையிலிருந்தோ தொடங்கவில்லை. தொழுநோயாளரிடமிருந்து தொடங்குகிறது. அவர்களைக் காண்பதே தமக்குப் பெருங்கசப்பாக இருந்தது என்கிறார். இறைவன் தம்மை அவர்களிடையே அழைத்துச் சென்றான் என்கிறார். அவர்களை விட்டு நீங்கியபோது முன்னர்க் கசந்ததே உள்ளத்திற்கும் உடலுக்கும் இனிமையாகியிருந்தது என்கிறார். உள்ளத்திற்கு மட்டுமன்று, உடலுக்கும். சுவையறிந்து வாழ்ந்த வணிகர் மகனின் நாவே மாறிப்போயிற்று.

அக்காலத் தொழுநோயாளரின் நிலையை நினைத்தால்தான் இதன் அருமை விளங்கும். அவர்கள் ஊருக்குப் புறத்தே வாழ்ந்தனர். அவர்களுக்கெனத் தனிக் கோயிலும் தனி இடுகாடும் அமையலாம் என 1179இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை ஹான்சன் கண்டறிந்தது 1873இல்தான். பிரான்சிசின் காலத்து மனிதனுக்கு அந்நோய் புரியாத அச்சம்.

சாசனத்தின் இலத்தீன் மூலத்தில் ஒரு சிறு சொல் என்னை நிறுத்தியது. ‘அவர்களுக்கு’ இரக்கம் செய்தேன் என்று பிரான்சிஸ் சொல்லவில்லை. ‘அவர்களோடு’ என்று சொல்கிறார். இலத்தீன் விவிலியத்தில் பயின்றுவரும் வழக்கே இது என ஒதுக்கிவிடலாம். தொல்காப்பியம் அறிந்த நம்மால் அவ்வளவு எளிதில் ஒதுக்க இயலாது. இரப்போன் இழிந்தோனாயின் ‘ஈ’ என்றும், ஒத்தோனாயின் ‘தா’ என்றும், உயர்ந்தோனாயின் ‘கொடு’ என்றும் கேட்பான் எனப் பிரித்துக் காட்டிய இலக்கணம் நம்முடையது. கொடுப்பவனுக்கும் கொள்பவனுக்கும் இடையிலுள்ள உயரத்தை ஒரு சொல்லே காட்டிவிடும் என்பதை நாம் அறிவோம்.

இனி, பின்வந்தோர் இதனை எங்ஙனம் கூறினர் என்று பார்ப்போம். செலானோ ஊர்த் தோமா 1247 அளவில் முடித்த இரண்டாம் வரலாற்றில், குதிரைமீது செல்லும் பிரான்சிஸ் தொழுநோயாளர் ஒருவரைக் கண்டு, இறங்கிப் பொருள் கொடுத்து முத்தமிடுகிறார். மீண்டும் குதிரையேறித் திரும்பிப் பார்த்தால் எவரும் இல்லை. அதன்பின் பிரான்சிஸ் தொழுநோயாளர் இல்லத்திற்குச் சென்றதையும் தோமா சொல்கிறார். ஆயினும் மக்கள் மனத்தில் நின்றது மறைந்துபோனவரின் கதையே. அழகிய கதைதான். ஆனால் எனக்கு அதில் ஓர் உறுத்தல் உண்டு. கொடுப்பவர் புனிதராகிவிட்டார், நோயாளியின் வேலை முடிந்தது, அவர் மறைந்தார்! சாசனத்தில் எவரும் மறையவில்லை. அங்குள்ளோர் பலர், புண்ணோடும் பசியோடும் நாளையும் இருப்பவர்கள்.

அவர்கள் இருந்துகொண்டேயிருந்தனர் என்பதற்குச் சபையின் விதிகளே சான்று. பணத்தைத் தொடலாகாது என்பதில் பிரான்சிஸ் மிகக் கண்டிப்பானவர். அவரே 1221ஆம் ஆண்டு விதிநூலில், தொழுநோயாளருக்கு வெளிப்படையான தேவை நேருமாயின் அவர்களுக்காகச் சகோதரர்கள் இரந்து பெறலாம் என்று விலக்களித்தார். 1223இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற இறுதி விதிநூலிலோ தொழுநோயாளர் என்ற பேச்சே இல்லை. சபை வளர்ந்து, கற்றோரையும் நகரங்களையும் நாடிச் சென்றுகொண்டிருந்த காலம் அது. மூன்றாண்டு கழித்து, சாவை எதிர்நோக்கியிருந்த பிரான்சிஸ், விடுபட்ட அம்மக்களைச் சாசனத்தின் தலைவாயிலிலேயே நிறுத்துகிறார். உடல் தளர்ந்த நிலையிலும் மீண்டும் தொழுநோயாளர் பணிக்குத் திரும்ப அவர் விரும்பினார் என்று தோமாவின் முதல் வரலாறு கூறும்.

கவிஞர்களாகிய நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 1225இல், கண்ணொளி பெரிதும் மங்கி, புனித தமியானோ ஆலயத்தருகே நோயுற்றுக் கிடந்தபோது பிரான்சிஸ் ஒரு பாடல் புனைந்தார். புலவர்மொழியாகிய இலத்தீனை விடுத்து, உம்பிரியா மக்களின் பேச்சுமொழியில் அது அமைந்தது. இத்தாலிய இலக்கியத்தின் தொடக்கப் பாடல்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. கதிரவனையும் காற்றையும் நெருப்பையும் உடன்பிறந்தாராக்கியவர், நீரையும் நிலவையும் உடன்பிறந்தாளாக்கினார். ஆயரும் நகரத் தலைவரும் பகைத்தபோது மன்னிப்பைப் பற்றிய பகுதியைச் சேர்த்தார். இறுதியில் சாவையும் சகோதரி என்று அழைத்தார். காணவே கசந்தவர்களிடத்தில் கற்ற உறவுமுறை இது என்பது என் துணிபு.

அசிசியில் காக்கப்பட்டுவரும் பழைய சுவடியொன்றில், இப்பாடலின் தொடக்க அடிகளுக்கு மேல் இசைக்குறி எழுத இடம் விட்டிருக்கிறது. எழுதியவர் அதனை நிரப்பவில்லை. பிரான்சிஸ் பாடிய மெட்டு நமக்குக் கிடைக்கவில்லை.